அரளி இருந்த மதிலோரம்

இதை எழுத ஒன்பது வருஷம் தயங்கினேன். இரண்டு தடவை நோட்டைத் திறந்து முதல் வரியோடு மூடிவிட்டேன். பூஜையைக் குறை சொல்கிறேன் என்று யாராவது நினைப்பார்களோ என்று பயம். என் பிழையை என் கையாலேயே எழுத வேண்டுமே என்பது அதைவிடப் பெரிய பயம். அதிகம் படித்தவனில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

பிரேசர் டவுனில் எங்கள் ஓட்டு வீட்டைச் சுற்றி விசாலமான காம்பவுண்டு உண்டு. என் மனைவி விஷக் காய்ச்சலில் கிடந்தபோது, அவள் பிழைத்தால் என் கையால் பூ வளர்த்துச் சாத்துவதாகச் சிவபெருமானிடம் வேண்டிக்கொண்டேன். அவள் எழுந்து நடமாடியதும் மதிலோரம் வரிசையாக அரளி வைத்தேன். திங்கட்கிழமைதோறும் பாலும் தேனும் அபிஷேகம். முடிந்ததும், களைந்த பழைய பூவையும் அபிஷேகப் பாலையும் ஒரே தாம்பாளத்தில் கொண்டுபோய் அரளி வேரில் கொட்டுவேன். சாமி பூ யார் காலிலும் மிதிபடக் கூடாது அல்லவா.

அப்போது எங்களிடம் ஒரு செவலை நாய் இருந்தது. காய்ச்சல் தெளிந்த நாட்களில் தானாக வந்து என் மனைவியின் காலடியில் படுத்துக்கொண்டது. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் வாந்தி எடுத்தது, தள்ளாடியது, விளக்கு வைப்பதற்குள் போய்விட்டது. அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் பட்டாளத்துக் குதிரை லாயத்தில் வேலை செய்பவர். மாதா கோவிலுக்குப் போகும் குடும்பம். தம் கோழிகளைத் துரத்துகிறது என்று அந்த நாயை வைவார். அவர்தான் விஷம் வைத்தார் என்று நானாகவே முடிவு கட்டினேன். ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு என் மனைவி ஒரு கறுப்புக் குட்டி கொண்டுவந்தாள். பாதம் நாலும் வெள்ளை. நாலாம் மாதம், ஒரு திங்கட்கிழமை, அதே வாந்தி, அதே தள்ளாட்டம். அவள் என்னைக் கேட்கவில்லை. மதிலுக்கு ஓடி, "அண்ணே, கொஞ்சம் வாங்க," என்று கூப்பிட்டாள். அவர் மதிலேறிக் குதித்தார்.

"என்ன தின்னான் தங்கச்சி?"

"வீட்டுச் சோறுதாண்ணே."

வாந்தியைக் குச்சியால் கிளறினார். சிவப்பு இதழ்கள்.

"அரளி. எங்க லாயத்துப் பக்கம் இந்தச் செடிய அண்ட விடமாட்டோம். நாலு இலை தின்னா குதிரையே படுத்துடும் சாமி." என்னை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார். பூஜைக்காரன் என்ற கேலியும் அதில் உண்டு.

"நாய் எங்கியாச்சும் பூவைத் தின்னுமா?" என்றேன்.

ஓர் இதழை எடுத்து முகர்ந்தார். "பாலும் தேனும் ஊத்தி வெச்சா நானே தின்னுவேன்."

அடுப்புக்கரியை அரைத்துத் தண்ணீரில் கரைக்கச் சொன்னார். அவர் மடியில் குட்டியைப் பிடித்துக்கொள்ள, அவள் கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். நான் சாமி முன்னால் நின்றேன். வாயில் ஒரு மந்திரமும் வரவில்லை. பொழுது சாயும் நேரம், வால் ஒரே ஒரு தடவை அசைந்தது.

"போன வருஷம் உங்க மேலதான் நான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சாமி. மொதல்ல மம்பட்டிய எடுங்க, அந்தச் செடிய எடுத்துடுவோம்."

எடுக்கக் கை வரவில்லை. வேண்டுதல் செடி. என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "நான் பொழைக்கணும்னு வெச்ச செடிதானே? நானே சொல்றேன், புடுங்குங்க. சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

மறுநாள் அவரும் நானுமாக வேரோடு பிடுங்கினோம். எரிக்கப் போனவனைப் புகையும் ஆகாது என்று அவர் தடுத்தார். தூரத்தில் ஆழக் குழி தோண்டிப் புதைத்தோம்.

தோட்டத்தைப் புதிதாகப் போட்டேன். மதிலோரம் இரண்டு முழம் வெறுமனே விட்டேன். ஜட்கா வண்டி போனால் குலைத்துக்கொண்டே ஓட, பிழைத்த குட்டிப் பயலுக்கு அந்த வழி வேண்டும். உள்ளே தள்ளி வில்வமும் செம்பருத்தியும், நடுவில் பவழமல்லி. களைந்த பூவைப் போட, அவனுக்கு எட்டாத உயரத்தில் ஒரு கூடை தொங்கவிட்டேன். வாரம் ஒருமுறை அல்சூர் ஏரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அபிஷேகப் பால் மட்டும் ஒரு கிண்ணத்தில் அவனுக்கு.

பவழமல்லி மட்டும்தான் தரையில் விழுந்தாலும் பூஜைக்கு ஆகும். விடிந்ததும் அவன் அந்த மரத்தடியில்தான் படுத்திருப்பான். முதலில் சில நாள் அவன் முதுகில் விழுந்த பூவை விட்டுவிட்டு எடுத்தேன். பிறகு அதையும் சேர்த்தே எடுத்துச் சாத்தினேன். தகுமா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

நாய் வளர்க்கும் வீடுகளுக்கு இதைச் சொல்லுங்கள். ஆனால் எனக்காகப் பரிதாபப்பட்டு, செவலை நாயைப் பாம்பு கடித்தது என்று மாற்றிவிட வேண்டாம். அந்த நல்ல மனுஷர் மேல் நான் சந்தேகப்பட்டதையும் விட்டுவிட வேண்டாம். விஷம் வைத்தது, பூச்சாத்திய என் கைதான். அதை அப்படியே சொல்லுங்கள்.