சாலோமி ஒட்டிய தரை

நாங்குநேரிக்கு அப்பால் லாரி கவிழ்ந்ததில் ஞானையா உயிர் பிழைத்துக்கொண்டான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சிதான் போய்விட்டது. தொண்ணூற்று நாலாம் வருஷத்துச் சித்திரை மாதம் அது. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு அவன் ஓட்டிப்போன வண்டி. தார்களுக்கு அடியிலிருந்து அவனை உருவி எடுத்தவர்கள், ஆள் பேசிக்கொண்டுதான் இருந்தான் என்றார்கள். எல்லாரையும் ஏசிக்கொண்டே ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தானாம்.

வண்ணார்பேட்டையில் பஸ் போகும் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் குடியிருந்தார்கள். ஓர் அறையும் அடுக்களையும் உள்ள வாடகை வீடு. ஊர் ஊராகச் சுற்றியவனை அந்த ஓர் அறைக்குள் கொண்டுவந்து போட்டால் அவன் படுத்தா கிடப்பான்? கட்டிலிலிருந்து தானாகவே இறங்கிவிடுவான். இரண்டு கையையும் தரையில் ஊன்றி உடம்பைத் தூக்கி இழுப்பான்; கால்கள் பின்னால் தாமாக வரும். கட்டிலிலிருந்து வாசல், வாசலிலிருந்து அடுக்களை, திரும்ப வாசல். பகல் முழுக்க இதே வேலை.

அவன் மனைவி சாலோமியும் ஓரிடத்தில் இருக்கிறவள் இல்லை. பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தாள். மற்றப் பெண்கள் ஸ்டூலில் உட்கார்ந்து தாள் மடிக்கும்போது அவள் மட்டும் நின்றுகொண்டே மடிப்பாள். கை ஓய்ந்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும் அவளுக்கு. பிள்ளைகள் கிடையாது. விபத்துக்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்கூட பஸ் ஏறி வீட்டுக்கு ஓடிவந்து அவனைப் பார்த்துவிட்டு ஓடுவாள்.

அப்படி ஒருநாள் வந்தபோதுதான் அவன் கட்டியிருந்த சாரத்தில் ரத்தத்தைப் பார்த்தாள். இரண்டு வருஷம் முன்பு வந்த வெள்ளத்தில் அந்த வீட்டுக்குள்ளும் ஆற்றுத் தண்ணீர் புகுந்து நின்றது. அதற்குப் பிறகு தரையின் சிமெண்டுப் பூச்சு பொக்கு விட்டு உரிந்து, மணலும் ஜல்லியும் துருத்திக்கொண்டு கிடந்தன. நடக்கிறவர்களுக்குச் செருப்பு இருக்கிறது. இழுத்துக்கொண்டு போகிறவனுக்குத் தோல்தான் இருக்கிறது. குதிகாலிலும் பின்பக்கத்திலும் புண். வலி தெரியாததால் அவன் அதன்மேலேயே இழுத்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். புண் எலும்பைத் தொட்டுவிட்டால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம். ஒன்று, கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது. இல்லையென்றால் தரை வழவழவென்று இருக்க வேண்டும். கட்டிலைவிட்டு இறங்காதவனாக ஞானையாவை ஆக்க முடியாது என்பது சாலோமிக்குத் தெரியும். அதனால் தரையைப் பார்த்தாள்.

வீட்டுக்காரர் மந்திரமூர்த்தி பாத்திரக்கடை வைத்திருந்தார். பொல்லாத மனுஷர் இல்லை. ஆனாலும் அந்த வீட்டை இடித்துவிட்டுக் கடைகள் கட்டுவதாக அவருக்கு யோசனை. "இடிக்கப் போற வீட்டுக்குப் போயி சிமெண்டு பூசச் சொல்லுதியே தாயி. நீயா என்னவும் செஞ்சுக்கோ, நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்றார்.

அவள் பிளாஸ்டிக் விரிப்பு வாங்கிப் போட்டாள். அவன் இழுத்தபோது அது சுருண்டு கூடவே வந்தது. பாயைப் போட்டாள். பாயின் ஓரம் காலில் சிக்கியது. இரண்டையும் அவன் வாசலில் தூக்கி எறிந்தான்.

அந்த நாட்களில் அச்சகத்தில் ஒருநாள் அவள் கைபட்டு டீ கிளாஸ் சாய்ந்துவிட்டது. டீ மேசைமேல் ஓடி மறுபக்கம் வழிந்தது. துணியால் துடைத்தாள், துளி ஈரம்கூட மேசையில் இறங்கவில்லை. அந்த மேசையின் மேல்பலகையில் யாரோ எந்தக் காலத்திலோ பழுப்புத் தாளை அடுக்கடுக்காக ஒட்டி, வார்னிஷ் பூசியிருந்தார்கள். இத்தனை வருஷமும் அதன்மேல்தான் அவள் வேலை செய்தாள், அதைப் பார்த்ததில்லை. நகத்தால் சுரண்டினாள். பெயரவில்லை. உள்ளங்கையை வைத்து இழுத்தாள். கை வழுக்கிக்கொண்டு போயிற்று.

பக்கத்தில் வேலை பார்த்த ஃபெபியிடம், தரையிலும் இப்படி ஒட்டலாமா என்று கேட்டாள். ஃபெபி சிரித்தாள். "மேசைமேல யாரு நடக்கா, அக்கா?"

"எங்க வீட்லயும் நான் ஒருத்திதான் நடக்கேன்" என்றாள் சாலோமி. "அவுக இழுத்துக்கிட்டுல்லா போறாக."

ஃபெபி அதற்குமேல் சிரிக்கவில்லை.

அச்சகத்துக்கு வரும் வெள்ளைத்தாள் ரீம்களைச் சுற்றிக் கெட்டியான பழுப்புத் தாள் இருக்கும். பிரித்த பிறகு அது குப்பைதான். மேனேஜரிடம் கேட்டபோது தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். சாலோமி கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து வீட்டு மூலையில் அடுக்கினாள். விஷயத்தைக் கேட்ட ஞானையாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏட்டி, நான் என்ன குப்பையா? தாள்ல போட்டு வைக்கப் போறியாக்கும்" என்றவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அவள் காது கொடுக்கவில்லை. அப்போது ஐப்பசி மாதம், வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மழை விடட்டும் என்று இருந்திருக்கலாம். அவளால் இருக்க முடியவில்லை. சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் மாதிரி வெறும் மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பாதி அறைக்குத் தாளை ஒட்டினாள். புத்தகப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள் என்று தெரிந்தவள்தான். அவசரத்தில் அதையும் போடவில்லை.

சில நாளிலேயே தரையின் ஈரம் மேலே ஏறியது. தோசைக்கல்லில் சப்பாத்தி எழும்புகிற மாதிரி தாள் அங்கங்கே உப்பியது. கறுப்பாகப் பூஞ்சை படர்ந்து வீடு முழுக்கப் புளித்த நாற்றம். ஞானையா இழுத்துக்கொண்டு போனபோது உப்பல் கிழிந்து, ஊறிய தாள் அவன் புண்ணிலேயே போய் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை. மண்வெட்டித் தகட்டால் அத்தனையையும் சுரண்டி வாளி வாளியாக வெளியே கொட்டினாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஏசியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. காத்திருப்பதுதான் அவளுக்குத் தெரியாத வேலை. எழுந்ததும் தரையில் உள்ளங்கையை வைத்து ஈரம் பார்ப்பாள். வேலைக்குப் புறப்படும்போது பார்ப்பாள், திரும்பி வந்ததும் பார்ப்பாள். வெயில் எட்டிப் பார்த்தால் கதவையும் ஜன்னலையும் திறந்து போடுவாள்; தூறினால் ஓடிப்போய்ச் சாத்துவாள். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிவிட்டுப் போவாள்; வருவதற்குள் கட்டு அவிழ்ந்து வாசலருகே கிடக்கும். கிறிஸ்துமஸ் ஆராதனையில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்தபோது அவள் கோயில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழவழவென்று இருந்த அந்தத் தரையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பொங்கல் கழிந்ததும் ஞானையாவுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. புண் ஆழமாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குப்புறப் படுக்கப் போட்டார்கள். அவனை அங்கே விட்டுவிட்டு வந்த சாலோமி காலியான அறையின் நடுவே நின்றாள். குனிந்து தரையைத் தொட்டபோது ஈரம் இல்லை.

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். ஃபெபியும் வேலை முடிந்து கூடவே வந்தாள். கட்டிலையும் பாத்திரங்களையும் அடுக்களைக்கு மாற்றினார்கள். பெயர்ந்து நின்ற மணலை இரும்புத் தகட்டால் சுரண்டி, கழுவி, காயவிட்டு, பள்ளங்களைக் காகிதக் கூழும் சிமெண்டும் கலந்து அடைத்தார்கள். அதன்மேல் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைத் தண்ணீராகக் கரைத்து, ஈரம் மேலே வராதபடி ஒரு பூச்சுப் பூசினார்கள். இந்தத் தடவை மைதாப் பசையில் மயில்துத்தமும் சேர்ந்தது.

தாளைக் கிழிக்கும் வேலைதான் மலைபோலக் கிடந்தது. சாலோமி ஒரு தாள்கட்டை ஆஸ்பத்திரிக்கே எடுத்துக்கொண்டு போனாள். குப்புறக் கிடந்த ஞானையாவின் கைகள் கட்டில் கம்பியைச் சுரண்டிக்கொண்டே இருந்தன. அவன் முன்னால் தாளை வைத்தாள். திரும்பவும் இதுவா என்று முனகினான். அவள் அவன் தலைமாட்டில் நின்றபடியே கிழிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் பார்த்திருந்தவன் ஒரு தாளை இழுத்துக் கிழித்தான், ஓரம் பிசகாமல் நேர்நேராக.

"நேரா கிழிக்காதிய" என்றாள். "கோணல்மாணலா கிழிங்க."

"எதுக்கு?"

அந்தத் தரையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான். நேரான ஓரம் எழும்பி நிற்கும், பிசிறான ஓரம் பக்கத்துத் தாளோடு படிந்துபோகும் என்று அவள் சொன்னாள். அவன் யோசித்தான். பிறகு கிழித்தான். மறுநாள் அவள் போனபோது பக்கத்துக் கட்டில்காரர்களும் ஆளுக்கு ஒரு கற்றையை மடியில் வைத்துக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். ஞானையா அவர்களை மேய்த்துக்கொண்டிருந்தான்.

கிழித்த தாளைக் கசக்கி, தளர்ந்த பசையில் முக்கி, பிழிந்து, தரையில் விரித்தாள் சாலோமி. ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் காற்றைத் தள்ளினாள். ஒரு வரிசை காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு வரிசை. வாசலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே வந்தாள். தாள் எல்லாம் படிந்து முறுகியதும் வார்னிஷ். அதற்குத்தான் கடையில் அதிகப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. முதல் பூச்சு ஏறியதும் தரை கருப்பட்டிப் பாகின் நிறத்துக்கு வந்தது. கசங்கல்கள் நரம்பு நரம்பாகத் தெரிந்தன. தடவினால் கையில் எதுவும் தட்டுப்படவில்லை.

அடுத்த பூச்சு காய்வதற்குள் வார்டில் அவனைப் போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. பாளையங்கோட்டையில் ஃபெபி வீட்டு முன்னறையில் அவனைப் படுக்க வைத்தாள் சாலோமி. குடியிருக்க வீடு இருக்கும்போதே அடுத்தவர் வீட்டில் கிடக்க வேண்டியிருக்கிறதே என்று அவன் ஏசிய ஏச்சு தெருவுக்கே கேட்டது. சாலோமி அங்கும் இங்குமாக ஓடினாள். போகும்போதெல்லாம் வாசற்படியில் குனிந்து தரையின் ஓரத்தில் விரலை வைத்துப் பார்ப்பாள். பிசுபிசுப்பு போகவில்லை. ஒரு தடவை ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டதென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

ஒருவழியாகக் காய்ந்தது. ஆட்டோக்காரர் தூக்கி வந்து ஞானையாவை வாசற்படிக்கு உள்ளே இறக்கினார். அவன் கையை விரித்துத் தரையில் வைத்தான். பிறகு, பழைய கரடுமுரடான தரைக்குப் போடுகிற வேகத்தில் ஒரு இழுப்பு இழுத்தான். உடம்பு நினைத்ததற்கு மேல் வழுக்கிக்கொண்டு போய்த் தோள் எதிர்ச்சுவரில் மோதியது. சாலோமி பதறி ஓடினாள்.

"பிரேக்கு வைக்கலையேட்டி" என்றான் அவன்.

சுவரோரமாக உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்தார்கள். விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றுதான்.

கோடை முடிவதற்குள் புண்கள் ஆறின. ஆனால் சாலோமி ஓயவில்லை. கரையான் வந்துவிடுமோ என்று மூலை மூலையாகத் தட்டிப் பார்ப்பாள். தண்ணீர்க் குடத்தை அறைக்குள் கொண்டுவர விட மாட்டாள். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரிகள் செருப்போடு நுழைந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். மந்திரமூர்த்தி வந்தவர் தானாகவே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தோல் விரித்த மாதிரி இருக்கிறது என்று வியந்துபோனார். ஆனாலும் வீட்டை இடிப்பது இடிப்பதுதான் என்றார். தினமும் அவன் குதிகாலைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் அவள் படுப்பாள்.

ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தால், கதவு திறந்து கிடக்கிறது. அறையில் ஆள் இல்லை. அடுக்களையில் இல்லை. கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். ஆற்றுக்குத்தான் அவள் நினைப்பு முதலில் ஓடியது. சந்தில் ஓடினாள். எதிரே வந்தவர்களிடம் கேட்கவும் வாய் வரவில்லை. ரோட்டுக்கு வந்தால், பஸ்களும் ஹாரன் சத்தமும் ஜனக்கூட்டமும்.

ரோட்டு முனையில் இருந்த லாரி ஆபீஸின் சிமெண்டுத் திட்டில் டிரைவர்களுக்கு நடுவே உட்கார்ந்து ஞானையா டீ குடித்துக்கொண்டிருந்தான். இரண்டு உள்ளங்கையிலும் டயர் துண்டைக் கட்டியிருந்தான். இடுப்புக்குக் கீழே பழைய லாரி டியூபை வெட்டிச் சுற்றியிருந்தான். யாரிடமோ சொல்லி முன்கூட்டியே வாங்கி, கட்டிலுக்கு அடியில் அவளுக்குத் தெரியாமல் வைத்திருந்திருக்கிறான்.

சாலோமி அத்தனை பேர் முன்னாலும் மண்டியிட்டு அவன் காலைத் தூக்கிக் குதிகாலைப் பார்த்தாள். டிரைவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"புண்ணு இல்ல. நானும் பாத்துட்டேன்" என்றான் ஞானையா.

"எதுக்கு வந்திய? உங்களுக்குத்தான தரை போட்டேன்."

"அந்தத் தரையில போயிப் போயித்தான் கைக்குப் பலம் வந்துட்டு." அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "நீ ஒரு எடத்துல இருப்பியாட்டி? என்னைய மட்டும் இருன்னா எப்படி இருப்பேன்?"

அவன் பத்திரமாக உள்ளே இருக்கட்டும் என்றுதான் அத்தனை தாளையும் ஒட்டினாள். ஏமாந்துபோன மாதிரி இருந்தது. ஆள் உயிரோடு, ஒரு டீயும் கையுமாக உட்கார்ந்திருக்கிறானே என்றும் இருந்தது. வீடு வரைக்கும் அவனை ஏசிக்கொண்டே வந்தாள். தூக்கி வந்த டிரைவருக்கும் சேர்த்து ஏச்சு கிடைத்தது.

அடுத்த மாதமே லாரி ஆபீஸில் போன் எடுக்கவும் லோடு பதியவும் ஞானையாவை வைத்துக்கொண்டார்கள். சபையில் பணம் திரட்டி, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். இருட்டியும் அவன் வரவில்லையென்றால் சாலோமி சந்து முனைக்கும் வீட்டுக்குமாக நடப்பாள். அவன் வந்ததும் குதிகாலைப் பார்ப்பாள். இடையில் ஒருதரம் திரும்பவும் புண் வந்து, ஆறியது.

இரண்டு வருஷம் கழித்து மந்திரமூர்த்தி வீட்டை இடிக்க வந்தார். வேலையாட்கள் கடப்பாரையைக் கொடுத்து நெம்பியபோது தரை பலகை பலகையாகப் பெயர்ந்து வந்தது. சாலோமி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வாசலில் சாமான் ஏற்ற லாரி நின்றது. பாளையங்கோட்டையில் ஃபெபி வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு வீடு பார்த்திருந்தார்கள்.

ஞானையாவைத் தூக்கி முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கியரை எப்போது மாற்ற வேண்டும் என்று அவன் டிரைவருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே போனான். சாலோமி பின்னால் கட்டிலுக்கும் பாத்திரங்களுக்கும் நடுவே, பக்கப் பலகையைப் பிடித்தபடி நின்றுகொண்டு வந்தாள். முன்னால் கேட்காது என்று தெரிந்தும் ஒவ்வொரு பள்ளத்துக்கும், "பையப் போகச் சொல்லுங்க, பையப் போகச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.