கமாண்டரின் கைகள்

காலை ஆறே கால் மணிக்குக் கீழ்வீட்டு நடைவழியில் கமாண்டர் பின்பக்கமாக நடந்துகொண்டிருக்கிறார். மஞ்சள் ஸ்வெட்டர், மடிப்புக் கலையாத கால்சட்டை. கைகள் இரண்டும் தோளுக்கு மேலே. உள்ளங்கைகள் மடங்கி மடங்கி, வா வா என்கின்றன. எதிரே ஊன்றுகோலுடன் அவர் மனைவி அடிமேல் அடி வைத்து வருகிறார். ஒரு கை நின்று மற்றது மட்டும் அசைந்தால் அந்த அம்மா சற்றுத் திரும்புகிறார். கைகள் தலைக்கு மேலே குறுக்காகச் சேர்ந்ததும் அப்படியே நின்றுவிடுகிறார். பிறகு அதே கைகள் வயிற்றுக்கு முன்னால் தாழ்ந்து, மணிக்கட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே அமர்கின்றன. அந்த அம்மா நாற்காலியில் உட்கார்கிறார். ஒரு வார்த்தை கிடையாது.

மேல்வீட்டுக்காரனான நான் இதைப் படிக்கட்டுத் திருப்பத்திலிருந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். காப்பி ஆறிப்போகும்.

கமாண்டருக்கு எழுபத்தாறு வயது. கடற்படையில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஹெலிகாப்டர் ஓட்டியவர். போர்க்கப்பலின் பின்புறத்தில் இருக்கும் சின்னத் தளத்தில் இறங்குவதுதான் வேலை. "நம்ம மொட்டை மாடியில பாதி இருக்கும் தம்பி. அதுவும் ஒரு எடத்துல நிக்காது. ஏறும், இறங்கும், சாயும். நமக்குக் கீழ என்ன இருக்குன்னு நமக்கே தெரியாது. எதிர்ல மஞ்சச் சட்டை போட்டு ஒருத்தன் நிப்பான். அவன் கைதான் நம்ம கண்ணு. மணிக்கட்டைக் கீழ குறுக்க வெச்சான்னா, இறங்கிடணும்." அந்த ஆளோடு வாதாட முடியாதா என்று கேட்டேன். "வாதாடினவன்லாம் பென்ஷன் வாங்கலை" என்றார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் அந்த அம்மாவின் வலது கையையும் பேச்சையும் கொண்டுபோனது. பிறர் பேசுவதும் அவருக்குப் புரிவதில்லை. 'வா' என்றால் சுவரைப் பார்ப்பாராம். ஒருநாள் ஆஸ்பத்திரியில் கமாண்டர் தன்னையறியாமல் அந்த மஞ்சள் சட்டைக்காரனைப் போலக் கைகளைத் தூக்கியிருக்கிறார். அந்த அம்மா எழுந்து வந்துவிட்டார். "ஹெலிகாப்டர் சத்தத்துல வார்த்தை ஏறாது. அதுக்குன்னே பொறந்த பாஷை இது. கல்யாணமாகி நாப்பத்தெட்டு வருஷத்துல என் பேச்சை அவ கேட்டதே கெடையாது. கையைக் கேக்குறா, பாத்தியா?" என்று சிரித்தார்.

கோபம் வந்தால் அந்த அம்மா கையில் கிடைத்ததை வீசுவார். ஸ்பூன் என் வாசல்வரை வந்திருக்கிறது. கமாண்டர் தள்ளி நிற்பார். "எந்தக் கடலும் விடாம ஆடாது தம்பி. நடுவுல கொஞ்சம் மூச்சு வாங்கும். அதுக்காகக் காத்திருக்கணும்." மூச்சு வாங்கியதும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, வேதப்புத்தகத்தைத் திறந்து ஒரு சங்கீத அதிகாரத்தைச் சத்தமாக வாசிப்பார். புரியாதே என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "அவளுக்குப் புரியாது. கேக்குறவரு இன்னொருத்தரும் இருக்காரே" என்றார். கடவுள் விஷயத்தில் நான் மதில்மேல் பூனை.

இத்தனைக்கும் முதல் ஆறு மாதம் இந்த மனிதரை எனக்குப் பிடிக்கவே இல்லை. காரணம் அவர் கைகள். நடைவழியில் அந்த ஒரு மணி நேரம் தவிர, அவை எப்போதும் கால்சட்டைப் பைக்குள்தான். வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார். கார் நிறுத்த உதவி கேட்டால், பையிலிருந்து கையை எடுக்காமல், "இன்னும் ரெண்டடி வரலாம்" என்பார். வேலை ஓய்ந்தும் மிடுக்கு ஓயவில்லை என்று வீட்டில் முணுமுணுத்திருக்கிறேன்.

அவருடைய மகள்தான் ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்திச் சொன்னாள். "அண்ணா, நீங்க குடிவந்த அன்னிக்கு உங்க சாமான் லாரியைப் பின்னால எடுக்க முடியாம டிரைவர் திண்டாடினாரு, ஞாபகம் இருக்கா? அப்பாதான் முற்றத்துல நின்னு கையைக் காட்டினாரு. வா, வான்னு. அம்மா வாசல்ல நாற்காலில இருந்தாங்க. தன்னைத்தான் கூப்பிடறாருன்னு கோலை விட்டுட்டு எழுந்து வந்துட்டாங்க."

அன்று அந்த அம்மா படியில் விழுந்தது எனக்குத் தெரியும். ஏன் விழுந்தார் என்பது தெரியாது. இடது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அவருக்கு மிஞ்சியிருந்ததே அந்த ஒரு கைதான். அன்றிலிருந்து கமாண்டர் வேறு யாருக்கும், வேறு எதற்கும் கையைத் தூக்குவதில்லை. ஆராதனையில் சபையே கை உயர்த்திப் பாடும்போதும், பேரப்பிள்ளைகள் காரில் கிளம்பும்போதும் அவர் கைகள் பைக்குள்தான். என் பீரோவுக்காக எழுந்து வந்து விழுந்த பெண்ணை நினைத்து எனக்கு உடம்பு கூசியது. அந்த மனிதரை நினைத்து மலைத்துப்போனேன்.

மகள் இன்னொன்றும் சொன்னாள். பக்கவாதத்துக்குப் பின் போதகர் திருவிருந்தின் அப்பத்தையும் ரசத்தையும் அந்த அம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்கே கொண்டுவந்தாராம். அந்த அம்மா கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, இடது கையால் பீடத்தைக் காட்டினாராம். அங்கே போய்த்தான் வாங்குவேன் என்று பிடிவாதம். தூக்கிப்போகவும் விடவில்லை. அன்றிலிருந்து கமாண்டரும் வாங்கவில்லை. அவருக்கு அது சாப்பாட்டைவிட முக்கியம். "அவளை விட்டுட்டு நான் மட்டும் எப்படிப் போய் நிக்கிறது?" என்றாராம். நடைவழியில் காலைதோறும் நடப்பது உடற்பயிற்சி என்று நினைத்திருந்தேன். அது பீடத்துக்குப் போகும் வழி.

சென்ற ஞாயிறு என்னையும் அழைத்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எல்லாரும் வாங்கி முடித்ததும் கமாண்டர் எழுந்து நடுவழிக்கு வந்தார். பைக்குள்ளிருந்து கைகள் வெளியே வந்தன. அந்த அம்மா இருபத்தாறு அடி நடந்தார். நானும் கூடவே எண்ணினேன். பாதியில் கோல் வழுக்கியது. கமாண்டர் பாய்ந்து பிடிக்கவில்லை. கைகளைத் தலைக்கு மேல் குறுக்கே வைத்தார். அந்த அம்மா நின்று, சமாளித்து, மறுபடி வந்தார். பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியருகே போட்டிருந்த நாற்காலியில் அமர்ந்தார்.

அங்கே மற்றவர்கள் முழந்தாளிட்டுத்தான் வாங்குவார்கள். கமாண்டருக்கு முட்டி தேய்ந்து பல வருஷம். மண்டியிடவே கூடாது என்பது டாக்டர் வாக்கு. "நின்னே வாங்கலாம்" என்றார் போதகர் மெதுவாக. கமாண்டர் தலையசைத்து மறுத்துவிட்டு, கிராதியைப் பிடித்துக் குனிந்தார். பாதியில் நின்றுவிட்டார். மேலும் போக முடியவில்லை, எழவும் முடியவில்லை. தோள்கள் நடுங்கின. மகள் வரிசையிலிருந்து எழுந்தாள்.

அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்திருந்தார். நடுக்கம் ஒரு கணம் ஓயும்வரை காத்திருந்தார். பிறகு கோலைக் கிராதியில் சாய்த்தார். இடது கையால் தன் அசையாத வலது கையைத் தூக்கி மடிக்கு நடுவே வைத்து, அந்த மணிக்கட்டின்மேல் இடது மணிக்கட்டைக் குறுக்கே வைத்தார்.

கமாண்டர் அந்தக் கைகளை மட்டும் பார்த்தபடி இறங்கினார்.