ஓட்டுச்சாவடி வாசலில் ஜோலீன்

குறுக்குச் சாலையில் ஈ காக்கை இருக்காது. இருந்தாலும் ஜோலீன் ஹாகன் வண்டியை நிறுத்தி, இடமும் வலமும் பார்த்து, இன்னொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் கிளப்புவாள். “டிராக்டர்காரன் நம்மள முந்திட்டுப் போறான் பாரு,” என்று பக்கத்து வீட்டு ஆர்விட் பின்சீட்டிலிருந்து கேலி செய்வார். முன்சீட்டில் அவளுடைய அம்மா ஆர்டிஸ் சிரிப்பாள். போலீஸ் வண்டி எதிரே வந்தால் ஜோலீனுக்கு மட்டும் முகம் வெளுத்துவிடும்.

மினசோட்டாவின் இந்தச் சின்ன ஊரில் அவளைத் தெரியாதவர் கிடையாது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கொரியாவிலிருந்து கைக்குழந்தையாகத் தத்து வந்து இறங்கியவள்; கொரிய மொழியில் ஒரு சொல் தெரியாது. சர்ச் விருந்தில் கேக் தட்டின் கடைசித் துண்டை யாரும் எடுக்கக் கூச்சப்படும் ஊர் இது. ஜோலீன் முதல் துண்டுக்கே கூச்சப்படுவாள்.

போன வருஷம் பாஸ்போர்ட் கேட்கப் போன இடத்தில்தான் தலையில் இடி விழுந்தது. தத்து எடுத்தவர்கள் குடியுரிமைக்குத் தனியாக மனுப் போட்டிருக்க வேண்டுமாம். ஆர்டிஸும் கணவரும் போடவில்லை. “நீதிபதியே எங்க பொண்ணுன்னு சொல்லிட்டாரே, அதுக்கு மேல என்ன வேணும்?” என்று அந்தக் காலத்தில் பெருமையாகச் சொல்லித் திரிந்தவர்கள். போதாததற்கு, ஜோலீன் பதினெட்டு வயதிலிருந்து ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்டவள். குடியுரிமை இல்லாதவள் போட்டால் அது குற்றம், நாடு கடத்தவும் செய்யலாம் என்றார் வக்கீல். “இனிமே அந்தப் பக்கமே போகாதீங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க.”

அம்மாவிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. ஊரையே ஏமாற்றிவிட்டது போல வெட்கம். அன்று மனுப் போடாமல் விட்டதன் விளைவு தெரிந்தால் அம்மா கூனிக்குறுகிப் போவாளே என்று, அவளுக்குப் பதிலாகவும் இவளே கூனிக்குறுகினாள்.

இந்தத் தேர்தலுக்கும் வழக்கம்போல அம்மாவையும் ஆர்விட்டையும் ஓட்டுச்சாவடிக்கு ஏற்றிக்கொண்டு வந்தாள்.

“நீ இறங்கலையா?” என்றாள் ஆர்டிஸ்.

“நான் காலைலயே போட்டுட்டேம்மா.”

உள்ளே போனவர்கள் திரும்பும்வரை தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். தெரிந்தவர்கள் ஜன்னலைத் தட்டிக் கையசைத்தபோது, போனில் எதையோ தேடுவது போல நடித்தாள்.

ஆர்விட் கையில் சிவப்பு வில்லைகளோடு வந்தார். ‘நான் வாக்களித்தேன்’ என்று எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொள்ளக் கொடுப்பது. “காலைல வாங்க மறந்துட்டியா பொண்ணே? உனக்கும் ஒண்ணு கேட்டு வாங்கிட்டேன். நம்ம ஊர்லயே ஒழுங்கா ஓட்டுப் போடுறவ நீதானே!”

ஆர்டிஸ் அதை வாங்கி மகளின் கோட்டில் நெஞ்சுக்கு நேரே ஒட்டி, ஓரம் தூக்காதபடி கட்டைவிரலால் நீவிவிட்டாள். “இப்பத்தான் பார்க்க நல்லா இருக்க.”

“தேங்க்ஸ்மா.”

வண்டி கிளம்பியது. வீடு வரும்வரை ஜோலீனின் ஒரு கைதான் ஸ்டியரிங்கில் இருந்தது. மறு கை அந்த வில்லையை மூடிக்கொண்டிருந்தது.