அப்பா செய்த கதவு ரப்பர்

சூடேறிய ரப்பரின் மணத்தை நான் முதன்முதலில் அறிந்தது அப்பாவின் சட்டைக் கொலரில்தான். பின்னேரம் வேலை முடிந்து அம்மா சமைத்துக்கொண்டு நிற்கும் குசினிக் கதவால் அவர் உள்ளே வருவதற்கு முன்பே அந்த மணம் வந்துவிடும். மழை பெய்து ஓய்ந்த தார் றோட்டையும் புதுச் செருப்புக் கடையையும் ஒன்றாகக் கலந்தாற்போல ஒரு மணம். அம்மா எந்தச் சவர்க்காரத்தைப் போட்டுத் தோய்த்தாலும் அது போகாது. பிறகு அவரும் அலுத்துப்போய், "இது உடுப்பில இல்லை, ஆளிலதான் ஏறியிருக்கு" என்று விட்டுவிட்டார்.

நாங்கள் அப்போது ஸ்பிரிங்வேலில், கடைத்தெருவுக்குப் பின்னால், வாடகை வீடொன்றில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் இருந்து அகதியாக வந்து சேர்ந்த அப்பாவுக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை அது. அமெரிக்கக் கொம்பனி ஒன்று அவுஸ்திரேலியாவிலேயே கார் செய்துகொண்டிருந்த காலம். அந்தக் கார்களின் கதவைச் சுற்றி ஓடும் ரப்பர்ப் பட்டியை மட்டும் செய்துகொடுத்த ஒரு சிறிய தொழிற்சாலையில் அப்பா வேலை பார்த்தார். ஆனால் அம்மா எங்கள் சனத்திடம் "இவர் கார் செய்யிறார்" என்றுதான் சொல்வார். அப்பாவும் அதைத் திருத்தமாட்டார். கதவு ரப்பர் செய்கிறவர் கார் செய்கிறவர் இல்லையா என்ன?

அந்த அமெரிக்கன் கார்தான் எங்கள் வீட்டில் "எங்கட கார்". யப்பான் காரும் கப்பலில் வந்து இறங்கும் மற்றதெல்லாமும் "வந்தது". நாங்களே நேற்று வந்து இறங்கியவர்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அளவு பிசகிக் கழித்துவிடும் பட்டிகளை வீட்டுக்குக் கொண்டுபோக விடுவார்களாம். அதனால் எங்கள் வாடகை வீட்டின் எல்லாக் கதவுகளிலும் கார்க் கதவு ரப்பர் ஒட்டியிருந்தது. குளியலறைக் கதவைச் சாத்தினால்கூட "டொப்" என்று ஒரு கனத்த சத்தம் கேட்கும், காருக்குள் ஏறி உட்கார்ந்த மாதிரி. பனிக்காலத்தில் ஒரு துளி குளிர்காற்று உள்ளே வராது. வீட்டுக்காரக் கிழவர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

இதில் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அம்மாவின் வாயில், ஏன், அவர் தலைமுறை யாழ்ப்பாணத்தவர் எல்லோருடைய வாயிலும், தரம் என்பதற்கு வேறு சொல்லே கிடையாது. தையல் மெசின் நல்லதென்றால் "யப்பான் சாமான்". டோர்ச் லைற் நெடுநாள் எரிந்தால் "யப்பான் சாமான்". யாரோ ஒருவரின் மருமகள் குணசாலி என்றால் அவளும் "யப்பான் சாமான் மாதிரி". ஒருநாள் அப்பா வலு சந்தோசமாக வந்து, தன் பட்டிகளில் ஒன்றுகூடப் பிழையென்று திரும்பி வரவில்லை என்று சுப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னதாகச் சொன்னார். அம்மா தோசையைப் புரட்டிக்கொண்டே, "அப்ப யப்பான் மாதிரிச் செய்திருக்கிறியள்" என்றார். அம்மா அதை மனமாரத்தான் சொன்னார். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

கோயில் கார் தரிப்பிடத்தில் "கதவு பாக்கிறது" என்றொரு வழக்கம் இருந்தது. யாராவது புதுக் கார் எடுத்தால், பூசை முடிந்த கையோடு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அங்கிள்மார் எல்லோரும் அதைச் சுற்றி நிற்பார்கள். ஒருவர் கதவைத் திறந்து அடிப்பார், மற்றவர்கள் காதைக் கொடுப்பார்கள். யப்பான் என்றால் "டிங்" என்று மெல்லிய சத்தம். "உது தகரம். அடிபட்டா அப்பளம்" என்பார் அமெரிக்கன் வைத்திருப்பவர். "ஓம், உம்மட இரும்பு அடிபட முதலே றோட்டில எல்லோ நிக்குது" என்று உடனே பதில் வரும். சிரிப்பு எழும். அப்பா அந்தக் கூட்டத்தில் சிரித்ததை நான் கண்டதில்லை. அவர் குனிந்து கதவு ரப்பரை இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பார், அவ்வளவுதான்.

றோட்டில் நிற்கிற இரும்பு எங்களிடமும் இருந்தது. அப்பா தொழிலாளருக்கான விலைக்கழிவில் வாங்கிய வெள்ளை நிற அமெரிக்கன். பின் கண்ணாடி தன்பாட்டில் இறங்கிக்கொள்ளும்; கியர்ப் பெட்டி முனகும்; வெயில் நாளில் பொனற் திறந்தபடி அது நிற்காத சந்தி எங்கள் பக்கத்தில் இல்லை. ஒருநாள் மல்கிரேவுக்கு ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போகும் வழியில், கொட்டுகிற மழையில், நடு றோட்டில் நின்றுவிட்டது. அப்பா இறங்கிப்போய்ப் பொனற்றுக்குள் தலையை விட்டு நனைந்தார். அம்மா பட்டுச்சேலையோடு முன் சீற்றில் இருந்து, கதவின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஓடாது, ஆனா ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்கு வராது. கொப்பர் வடிவாத்தான் செய்திருக்கிறார்" என்று அப்பாவைக் காட்டி என்னிடம் சொன்னார். பகிடியா, பெருமையா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அதற்கு அடுத்த வருடம் வீட்டில் கதை மாறியது. கார் விற்பனை குறைகிறது, கொம்பனி ரப்பரைக் குறைத்துக் கேட்கிறது, வெள்ளிக்கிழமைகளில் வேலை இல்லை என்று அப்பா சொல்லத் தொடங்கினார். சின்னப் பிள்ளையின் மூளையில் இது மிகவும் எளிமையான கணக்காக விழுந்தது. எங்கள் ஆட்கள் எங்கட காரை வாங்கினால் அப்பாவுக்கு வேலை இருக்கும். வந்ததை வாங்கினால் வேலை போகும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட வரும் கார்களை நான் நின்று முறைத்துப் பார்ப்பேன். பள்ளித் தோழியொருத்தியின் வீட்டில் யப்பான் எடுத்தார்கள் என்று ஒரு தவணை முழுக்க அவளோடு கதைக்கவில்லை. அவளுக்குக் காரணமே தெரியாது, பாவம்.

அந்த நேரத்தில்தான் குமரன் மாமா கார் எடுக்க வெளிக்கிட்டார். அம்மாவின் தம்பி, படிக்க வந்து, படித்து முடித்து, மல்கிரேவில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் கணினி வேலை. மாமி அப்போது பிள்ளைத்தாச்சி. அவருடைய தாய் தகப்பன் சிட்னியில் இருந்ததால் இரண்டு பேரும் அடிக்கடி அந்த நீண்ட பாதையில் போய்வர வேண்டியிருந்தது. மாமா எந்தக் காரை எடுப்பார் என்பதில்தான் எங்கள் வீட்டின் தலைவிதியே தொங்குகிறது என்று நான் முழுதாக நம்பினேன். அம்மாவும் அப்படித்தான் நம்பினார் என்று பிறகு தெரிந்தது. மாமா வாங்கினால் அவருடைய கூட்டாளிமார் வாங்குவார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் வாங்குவார்கள் என்று குசினியில் அம்மா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை மாமாவுக்குக் கார் பார்த்துக் கொடுக்க அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வெளிக்கிட்டார். நானும் அடம்பிடித்துப் பின் சீற்றில் ஏறிக்கொண்டேன்.

முதலில் அமெரிக்கன் விற்கும் இடம். அப்பா ஒரு கதவைத் திறந்து, ரப்பரைத் தொட்டுக் காட்டி, "இது எங்கட" என்றார். அடித்துச் சாத்தினார். "டொப்". மாமா, "அத்தான், வெடி மாதிரி இருக்கு" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பிறகு அப்பா பொனற்றைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். குந்தியிருந்து அடியைப் பார்த்தார். கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் விரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். மேலே ஒடுக்கம், கீழே அகலம். பொனற்றைச் சாத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

றோட்டைக் கடந்து யப்பான் விற்கும் இடத்துக்குப் போனோம். சத்தம் அதே "டிங்"தான். ஆனால் நகத்தை வைத்து இழுத்தபோது அது சுற்றிவர ஒரே சீராகப் போனது. அப்பா திரும்பவும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். கதவு ரப்பரை அழுத்திப் பார்த்துவிட்டு, தனக்குள் பேசுவதுபோல, "ஆரோ ஒருத்தன் வடிவாச் செய்திருக்கிறான்" என்றார்.

மாமா அவர் தோளில் கையை வைத்தார். "அத்தான், நான் அமெரிக்கனைத்தான் எடுக்கப்போறன். நீங்கள் செய்யிறதை நாங்கள் வாங்காட்டி ஆர் வாங்கிறது?"

நான் கைதட்டாத குறை. அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நான் செய்யிறது ரப்பர். ரப்பர் நல்லம். கார் முழுக்க ரப்பரே?"

மாமா அவர் தோளில் இருந்து கையை எடுத்தார்.

"பிள்ளைத்தாச்சியோட சிட்னி றோட்டில நடு வழியில நிண்டா, நான் செய்த ரப்பரே வந்து இழுத்துக்கொண்டு போறது? யப்பானை எடு."

வரும் வழியில் நான் அப்பாவோடு கதைக்கவில்லை. வீட்டில் அம்மா கதைத்தார். "உங்கட சோத்தில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டிட்டு வந்து நிக்கிறியள்!" என்று தொடங்கி, அரிசி கழுவும் சட்டியை அடித்து வைத்து, அழுது முடித்தார். அப்பா கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அவன் கேட்டான், நான் சொன்னனான்" என்றார். புதுக் காருக்குக் கோயிலில் பூசை நடந்தபோது, சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததும் அப்பாதான். மாமா அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு பெட்டி மாம்பழமோ திராட்சையோ தூக்கிக்கொண்டு வந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கதைக்க அவருக்கு நெடுநாள் பிடித்தது.

மாமா அன்று ஒரு அமெரிக்கன் வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடந்திருக்காது. ஸ்பிரிங்வேலில் இருந்த அத்தனை தமிழரும் ஆளுக்கு ஒன்று வாங்கியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. கடல் தாண்டி யாரோ எடுத்த முடிவு அது. முதலில் ரப்பர்த் தொழிற்சாலை மூடியது. சில வருடத்தில் அந்த அமெரிக்கக் கொம்பனியும் இங்கே கார் செய்வதை நிறுத்தியது. கடைசியில் இந்த நாட்டில் கார் செய்கிறவர்கள் என்று யாருமே இல்லாமல் போனார்கள். ரப்பர்த் தொழிற்சாலை மூடிய நாளில் அதன் முற்றத்தில் அடுப்பு வைத்து எல்லோருக்கும் சொசேஜ் சுட்டுக் கொடுத்தார்களாம். மாட்டிறைச்சி தின்னாத அப்பா சொசேஜை விட்டு, பாண் துண்டுக்குள் பொரித்த வெங்காயத்தை மட்டும் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அம்மா சோறு போட்டபோது, "பசிக்கேல்லை, அங்க நல்லாக் குடுத்தவங்கள்" என்றார்.

பிறகு வேலை தேடுகிறவர்களுக்கான வகுப்புக்கு அனுப்பினார்கள். உங்கள் திறமைகள் எவை என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார்களாம். அப்பா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஏஜென்சி மூலமாக ட்ருகனினாவில் ஒரு சேமிப்புக் கிடங்கில் பெட்டி இறக்கும் வேலை கிடைத்தது. நகரத்தின் ஒரு கரையில் இருந்து மறுகரைக்கு, ஒவ்வொரு நாளும், அதே வெள்ளைக் காரில். அது ஒருநாள் மேம்பாலத்தில் நின்று, இழுத்துக்கொண்டு போகப்பட்டு, திரும்பி வரவில்லை. கொஞ்சக் காலத்தில், குனிந்து நிமிர்ந்து பெட்டி தூக்கி, அப்பாவின் நாரியும் விட்டுவிட்டது. மாமாவின் யப்பான் இன்றைக்கும் ஓடுகிறது. மாமி அன்று வயிற்றில் வைத்திருந்த பிள்ளை இப்போது அதில்தான் பல்கலைக்கழகம் போய்வருகிறாள். அப்பா சொன்னது சரி. அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ரப்பர்த் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது பிள்ளைகள் துள்ளி விளையாடும் உள்ளரங்கு ஒன்று இருக்கிறது. மகனை ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு அங்கே கொண்டுபோய் விட்டபோது, எங்கேயாவது ஒரு மூலையில் அந்த மணம் கொஞ்சம் மிச்சம் இருக்குமா என்று மூக்கை வைத்துப் பார்த்தேன். பொப்கோர்ன் மணம்தான் வந்தது. "எங்கட கார்", "வந்தது" என்று பிரித்துச் சொல்ல இனி ஒன்றும் இல்லை. அமெரிக்கப் பெயரோடு நிற்பதும் கப்பலில் வந்து இறங்கியதுதான்.

போன மாதம் எனக்கு ஒரு கார் எடுக்க வேண்டி வந்தது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். உண்மையில், அவர் ஏதாவது ஒரு பிழை பிடிக்க வேண்டும், ஒன்றைக் கூடாது என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. கொரியன், சீனன், யப்பான், அமெரிக்கன் என்று ஒரே கூரையின் கீழ் எல்லாம் மினுங்கிக்கொண்டு நின்றன. நான் ஒன்றின் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, "அப்பா, வந்து பாருங்கோவன்" என்றேன்.

"நீ பாரன் பிள்ளை. உனக்குப் பிடிச்சாச் சரி."

"எது நல்லம் எண்டு நீங்கள் சொல்லுங்கோ."

"எல்லாம் நல்லம்தான்."

விற்பனைப் பெடியன் சிரித்த முகத்தோடு வந்து, அப்பா என்ன நினைக்கிறார் என்று மரியாதையாக ஆங்கிலத்தில் கேட்டான். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "வெரி நைஸ்" என்றார். பெடியன் எங்களை அடுத்த காருக்குக் கூட்டிக்கொண்டு போனான். அதையும் அப்பா தொட்டுப் பார்க்கவில்லை. அதற்கும் "வெரி நைஸ்" என்றார். அதற்கு அடுத்ததற்கும்.