ஹாஃபிஸா எடைமேடைக்குப் போன நாள்

ஹாஃபிஸாவின் வேலை என்னவென்று மன்னார்குடியில் யாருக்கும் பிடிபடவில்லை. கணவர் ஜாஃபர் சாதிக்குடன் துபாயில் இருந்தபோது ஒரு தணிக்கை அலுவலகத்தில் சேர்ந்தவள் அவள். கம்பெனிகள் நாடு விட்டு நாடு கடை விரித்த காலம். முதலாளி ஓரிடம், தொழில் ஓரிடம் என்றானதும் நடுவில் இருப்பவர்களுக்கு ஏமாற்றுவது சுலபமாயிற்று. கணக்கு சரியா என்று பார்க்க ஆடிட்டர் இருந்தார். கணக்கில் இருப்பது நிஜத்தில் நடந்ததா என்று பார்க்கவும் ஆள் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அதற்கென்றே ஒரு தேர்வை ஏற்படுத்தினார்கள். ஹாஃபிஸா அதை எழுதித் தேறி, மோசடி ஆய்வாளர் ஆனாள்.

பிறகு கணவர் துபாயிலேயே இருக்க, மாமியார் மெஹராஜ் பேகத்துக்குத் துணையாக அவள் மட்டும் ஊர் திரும்பினாள். போலீஸா, வக்கீலா என்று கேட்ட மாமியாருக்கு, இரண்டும் இல்லை என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

அந்தக் கோடையில்தான் சிங்கப்பூரிலிருந்து தமிழரசன் பேசினார். ஊருக்கு வெளியே அவருக்கு ஓர் அரிசி ஆலை. கிடங்கில் நெல் கணக்கைவிடக் குறைந்துகொண்டே வந்தது. காவல்காரர் வீரையன்தான் எடுக்கிறார் என்று மேனேஜர் சொல்லி, அவரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்.

"ஆள் தெரிஞ்சுபோச்சும்மா. ஆதாரம் மட்டும் எடுத்துக் குடுங்க" என்றார் தமிழரசன்.

"யார் எடுத்தாங்கன்னு அப்புறம் பாக்கலாம் சார். அந்த நெல்லு மொதல்ல உள்ள வந்துச்சான்னு பாக்குறேன்."

ஆலையில் லாரியைச் சுமையோடு ஒருமுறை, நெல்லை இறக்கிவிட்டு ஒருமுறை எடைபோடுவார்கள். வித்தியாசம்தான் நெல். ஹாஃபிஸா சுற்றி வந்தாள். வளாகம் முழுக்கக் காய்ந்து கிடக்க, கிடங்குக்குப் பின்னால் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சைப்பசேலென்று நின்றது. அங்கே குழாயும் இல்லை, வாய்க்காலும் இல்லை.

மறுநாள் காலை சுமையோடு வந்த லாரி எடைமேடையில் ஏறி இறங்கியதும் அவள் குனிந்து அடியில் பார்த்தாள். பெரிய தகரத் தொட்டி ஒன்று தொங்கியது. அதன் குழாயைத் திறக்கச் சொன்னாள். தண்ணீர் கொட்டித் தீர்ந்த பிறகு மறுபடி எடைபோட்டால், பல மூட்டை நெல்லின் எடை குறைந்தது. இத்தனை நாளும் நெல்லை இறக்கும்போது கிடங்குக்குப் பின்னால் திறந்துவிட்ட தண்ணீருக்கெல்லாம் ஆலை நெல் விலை கொடுத்திருக்கிறது; கணக்கில் ஏறிய அந்த நெல் கிடங்குக்கு வரவே இல்லை. நெல் விற்ற வியாபாரியிடம் பங்கு வாங்கியதை மேனேஜரே ஒப்புக்கொண்டார்.

தமிழரசன் வீரையனுக்கு அவரே போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். வேலையும் திரும்பக் கிடைத்தது. வீரையன் மனைவி தர்மாம்பாளுடன் பலாப்பழம் சுமந்துகொண்டு ஹாஃபிஸா வீட்டுக்கு வந்தார். "திருடன் பொண்டாட்டின்னு கூப்புட்டவங்க இன்னிக்கி அவங்களா வந்து பேசுறாங்கம்மா" என்று தர்மாம்பாள் சிரித்தபடியே அழுதாள்.

மெஹராஜ் பேகம் அவர்களைச் சாப்பிடவைத்தே அனுப்பினார். பிறகு துபாயிலிருந்த மகனைப் போனில் பிடித்து, மருமகள் ஓடுகிற லாரியை மறித்து நிறுத்தினாள் என்று ஆரம்பித்தார். பக்கத்தில் பலாச்சுளை தின்றுகொண்டிருந்த ஹாஃபிஸா, திருத்தவே இல்லை.