பெயர் சொல்லாத நேயர்

செவ்வாய்க்கிழமை காலை நம் வானொலி நேயர் குழுவில் அந்தச் செய்தி வந்தபோது, கம்பத்தில் என் வீட்டுச் சமையலறையில் இருந்தேன். "கோம்பை ராசாங்கம் அண்ணன் தவறிவிட்டார்" என்று ஒரே ஒரு வரி. அதன்கீழ் கைகூப்பும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. நானும் ஒன்றைப் போட்டேன். அதற்கு மேல் எழுத எனக்குத் தகுதியில்லை என்று தோன்றியது. ஏன் என்று உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவர் நேயர் விருப்பத்தில் ஒலிக்கும் பெயர். எனக்கு அவர் கோம்பையில் எங்கள் தெருமுனை மாவு மில்காரர். நான் உத்தமபாளையத்தில் கல்லூரிக்குப் போய்வந்த நாட்களில், மிளகாய் அரைக்க அம்மா என்னைத்தான் அனுப்புவார். ரேடியோவில் நல்ல பாட்டு வந்தால் ராசாங்கம் அண்ணன் மோட்டாரை நிறுத்திவிடுவார். தூக்குவாளியோடு நிற்கும் பெண்கள் விடமாட்டார்கள்.

"ஏலே, பாட்டுக் கேட்டா எங்க வீட்டுல கொழம்பு கொதிச்சிருமா?"

"ரெண்டு நிமிசம் ஆத்தா. சரணம் முடியட்டும். பொடி மணக்கும் பாரு."

எனக்கு ஒரு பாட்டின் மேல் பைத்தியம். அதில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் சில நொடிகள் ஒரு ஷெனாய் வரும். அவருக்குப் பாடகியின் குரல்தான் எல்லாம். "அந்தம்மா மூச்சு வாங்குற நேரத்துல ஒருத்தர் ஊதுறாரு, அதுக்கு இம்புட்டு உருகுறியே தங்கச்சி!" என்று சீண்டுவார். ஆனால் ஒருநாள் கேசட் உறையைக் கொண்டுவந்து நீட்டினார். "நானும் தேடிப் பாத்துட்டேன். அந்த மனுசன் பேரை எங்கனயும் போடல" என்றார். அன்று அவர் முகம் வாடியிருந்தது.

வாரம் ஓர் அஞ்சலட்டை எழுதுவார். பாட்டின் பெயர், கீழே விரும்பிக் கேட்பவர்கள் பத்துப் பேர். மில்லுக்கு வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டுத்தான் எழுதுவார். "பேரு போட்டுக்கிறவா?" கேட்காமல் யார் பெயரையும் எழுதியதில்லை. "காத்துல போன பேரைத் திருப்பிப் பிடிக்க முடியாது" என்பார்.

எனக்குக் கல்யாணமாகிக் கம்பத்துக்குப் புறப்பட்டபோது, நானாகத்தான் போய்ச் சொன்னேன்: "அங்கன போனாலும் என் பேரை விட்றாதீகண்ணே."

அவர் விடவில்லை. மூன்றாவது மாதம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் பாட்டு வந்தது. பெயர்களை வாசித்தார்கள். "கோம்பை ராசாங்கம், கம்பம் செல்வராணி..." அதற்குப் பின் வந்த பெயர்கள் எதுவும் என் காதில் விழவில்லை.

மாமியார் சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டார். "யாரு அவன்? அவன் பேரோட சேத்து ஓம் பேரை எதுக்குச் சொல்றாக?"

"எங்க ஊரு மில்லுக்காரரு அத்தே. எதுக்குன்னு எனக்குத் தெரியாது. கேக்காம அவராப் போட்டிருப்பாரு."

சொல்ல ஒரு நொடிதான் ஆனது. மறுநாள் என் கணவரும் அவர் அண்ணனும் கோம்பைக்குப் போனார்கள். மில்லில் பெண்கள் வரிசையாக நின்றிருக்க, அவர்கள் முன்னால் சத்தம் போட்டிருக்கிறார்கள். நடந்ததை அம்மாதான் சொன்னார். "எதுத்து ஒரு வார்த்தை பேசலடி. 'தப்புதான், கேக்காமப் போட்டுட்டேன்'னு கையெடுத்துக் கும்பிட்டாக."

அதன்பிறகு கோம்பையில் எந்தப் பெண்ணும் அவர் அட்டைக்குப் பெயர் கொடுக்கவில்லை. பத்துப் பெயர் மூன்றாகச் சுருங்கியது. ஆனால் அந்த ஒரு பாட்டை மட்டும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது கேட்டு எழுதுவார். கடைசியில் ஒரு வரி வரும்: "மற்றும் பெயர் சொல்லாத ஒரு நேயர்." நான் கம்பத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்பேன். ஷெனாய் வரும்போது குழாயை மூடுவேன்.

ஒருமுறை கம்பம் பேருந்து நிலையத்தில் எதிரே வந்துவிட்டார். பக்கத்தில் என் கணவர் நின்றிருந்தார். அண்ணன் நிற்காமல் போகிற போக்கில், "பாட்டுக் கேக்குறீகளா?" என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு மன்னிப்புச் சொல்ல வாய் வரவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி சொன்னார்: "பேரு சொல்லாத நேயரு யாருன்னு எத்தனையோ வாட்டி கேட்டேன். 'எங்கனயோ இருந்து கேக்குறாக, அது போதும்'பாக." அங்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

நண்பர்களே, அந்த நேயர் நான்தான். அவர் கேட்காமல் போடவில்லை. நான் கேட்டுத்தான் போட்டார்.

இதை முதலில் என் கணவரிடம் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம்.

அந்தப் பாட்டில் முன்பு எனக்கு ஷெனாய் மட்டும்தான் கேட்கும். இப்போது பாடகியின் குரலும் கேட்கிறது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான். நேற்று ஓர் அஞ்சலட்டை வாங்கி அந்தப் பாட்டை எழுதினேன். விரும்பிக் கேட்பவர்கள்: கோம்பை ராசாங்கம், கம்பம் செல்வராணி. பெட்டியில் போட்ட பிறகுதான் உறைத்தது. இந்த முறை கேட்காமல் பெயர் போட்டிருப்பவள் நான்.