பொன்னாயியின் பீச்சாங்கை

தா.பழூர் கொளஞ்சிக்குப் பெண்மக்கள் மூன்று பேர். மூத்தவள் பொன்னாயியை ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். முந்திரிக்கொட்டை உடைத்தே மகன் வேல்முருகனை ஆளாக்கினாள். அவள் தகப்பன் வழியில் எல்லோருமே அருவருப்பு பார்ப்பவர்கள்தான். இவள் ஒருபடி மேல். அடுத்தவர் எச்சில்பட்ட டம்ளரைத் தொடமாட்டாள். பெற்ற மகன் துண்டால்கூட முகம் துடைக்கமாட்டாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோனது.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள். "சோத்துக்கை தப்பிச்சுதே, குடுத்துவச்சவடி நீ."

அவளுக்குக் காறித் துப்பவேண்டும் போலிருக்கும். வாய் கோணியிருந்ததால், துப்பினால் தன்மேலேயே வழியும். சோற்றுக்கை இருந்து என்ன? கக்கூசில் பீச்சாங்கையல்லவா வேண்டும்? மருமகள் ஜெயசித்ராதான் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு கழுவிவிட்டாள். பிறகு அவளே சோறு போட்டுக் கொண்டுவந்து வைப்பாள். பொன்னாயிக்குத் தொண்டையில் இறங்காது.

"வலது கைதான் நல்லாருக்கே அத்தை, அதால கழுவிக்கலாமில்ல?"

"த்தூ! திங்கிற கையாலயா? அதுக்கு நாண்டுகிட்டு சாவலாம்."

கொழுந்தன் தங்கராசு எங்கிருந்தோ புறா ரத்தம் பிடித்துவந்து தேய்த்துவிட்டான். ஈதான் மொய்த்தது. கை அப்படியே கிடந்தது.

அரியலூரிலிருந்து ஸ்கூட்டியில் வரும் பிசியோதெரபிப் பெண் தமிழ்மொழி விடாமல் கோலிக்குண்டு பொறுக்கவைத்தாள். விரல்கள் அரைகுறையாக மடங்கப் பழகின. ஒருநாள் கேட்டாள்: "இந்தக் கையால என்னம்மா செய்ய ஆசை? டீ டம்ளர் புடிக்கணுமா?"

பொன்னாயி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டாள். யாரும் இல்லை. "டீ என்னா எழவு டீ. குண்டி கழுவணும் பாப்பா!"

தமிழ்மொழி சிரிக்கவில்லை. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்று கையைப் பின்னால் கொண்டுபோகச் சொன்னாள். போகவில்லை. நாற்காலியே கதியாகக் கிடந்ததில் முதுகு பலகையாக இறுகித் தோள்பட்டை பூட்டிக்கொண்டிருந்தது.

போனில் கழுத்து முறிக்கும் வீடியோக்களாகப் பார்த்திருந்த வேல்முருகன், பெரம்பலூரில் முதுகெலும்பு பார்க்கும் கைரோபிராக்டிக் பிரேம்குமாரிடம் அம்மாவைக் கூட்டிப்போனான். "கழுத்த ஒரு திருப்பு திருப்புங்க சார். சத்தம் கேக்கணும்."

பிரேம்குமார் ஸ்கேனைப் பார்த்தார். தமிழ்மொழியிடம் போனில் பேசினார். "பக்கவாதம் வந்தவங்க கழுத்த நான் தொடமாட்டேன் தம்பி. முதுகையும் தோளையும் மெதுவா எளக்கிவிடறேன். கைய வேலை வாங்கறது அந்தப் பொண்ணு பாடு."

குப்புறப் படுத்தாள். யார் யாரோ முகம் வைத்த மெத்தையில் எண்ணெய்ப் பிசுக்கு நாறியது. அந்நிய ஆணின் கை முதுகில் பட்டபோது உடம்பே கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஒரு சடக்குகூட வரலியே" என்றான் வேல்முருகன்.

"ஒங் கழுத்தக் குடு, வரும்" என்றாள் பொன்னாயி.

முதுகு இளகிய அன்றே வேலை வாங்கவேண்டும், விட்டால் மறுபடி இறுகிவிடும். அதனால் பெரம்பலூர் போய்வந்த சாயங்காலமெல்லாம் தமிழ்மொழி வந்தாள். இடுப்புக்குப் பின்னால் ஈரத்துணியைச் செருகி, உருவி எடுக்கச் சொன்னாள். மாசியில் விரல் நுனி துணியைத் தொட்டது. ஆடியில் துணி கையோடு வந்தது.

மறுநாள் காலை கப்போடு பின்னாலேயே வந்த ஜெயசித்ராவை, "வெளிய நில்லு" என்று சொல்லிவிட்டுக் கப்பை வாங்கிக்கொண்டு கக்கூஸ் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தடாலென்று ஒரு சத்தம்.

"அத்தை!"

"கப்புதான்டி வுழுந்துது. உள்ள வராத!"

வெகுநேரம் ஆனது. தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. கை போன இடம் ஒன்று, போகவேண்டிய இடம் ஒன்று. கடைசியில் போய்ச் சேர்ந்தது. அந்தக் கையை முகத்தருகே கொண்டுவந்து மோந்து பார்த்தாள். இத்தனை நாள் மருமகள் கையில் இருந்த நாற்றம்.

கதவு கொஞ்சமாகத் திறந்து, கோணல் கை வெளியே நீண்டது.

"சீ, நாறுது. சோப்ப எடுத்தாடி."

ஜெயசித்ரா பழக்கத்தில் அந்தக் கையைப் பிடித்துத் தேய்க்கப்போனாள்.

"தொடாத. சோப்ப மட்டும் குடு."